உடம்பு நிஜம், இடம் பொய்

“நிறுத்து! மெஷினை நிறுத்துடா!”

அக்கா அச்சகத்துக்குள் நுழைந்த வேகத்தில் வாசலில் அடுக்கியிருந்த காகிதக் கட்டு சரிந்தது. ஆபரேட்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போய், சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். உருளைகள் முனகிக்கொண்டே நின்றன. அந்த அமைதியில் அவள் இடது கையில் தொங்கிய சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அச்சகக்காரர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார். “என்னக்கா இது? ஓடுற மெஷின்ல போய்க் கை வைக்கிறீங்க! விரல் போயிருந்தா நாளைக்கு எதை வெச்சு வரைவீங்க?”

“விரல் போனா போகட்டும். எந்தப் படத்தை வெச்சு அடிக்கிறீங்க? அதைக் காட்டுங்க முதல்ல.”

“உங்க படம்தான். மருந்துக்கடை காலண்டர். முதல் கட்டு போன வாரமே போயிடுச்சு. நல்லா இருக்குன்னு இன்னொரு கட்டு கேட்டாங்க. நீங்கதானே குடுத்தீங்க?”

“நான் எங்க குடுத்தேன்? நான் ஆத்துல கெடந்தேன். என் தம்பி பொண்டாட்டி மேசையில இருந்து, துணி சுத்தினபடியே எடுத்துக் குடுத்திருக்கா. எதை எடுத்துக் குடுத்து வெச்சாளோ!”

ஆபரேட்டர் ஒரு தாளை உருவி, கை எட்டுகிற தூரத்தில் நின்றே நீட்டினான்.

மை இன்னும் காயவில்லை. உடைந்த படிக்கட்டின் மேல் ஒரு தாய் நீர்நாய், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறது. முதுகு ரோமம் நனைந்து கூர் கூராகப் பிரிந்திருக்கிறது. காலடியில் மூன்று குட்டிகள். ஒன்று, கிடைத்த நண்டை மற்ற இரண்டும் பார்த்துவிடாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்கிறது. பின்னால் பாசி பிடித்த பழைய பம்ப்ஹவுஸ் சுவர். படிக்கு அடியில் இருட்டான ஒரு பொந்து.

அக்காவுக்கு மூச்சு வந்தது. விற்பனைத் தாள்தான். பொய்த் தாள்.

ஊருக்கே அவள் அக்கா. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அக்காதான். கொண்டையில் செருகிய பென்சிலோடும் முழங்கையில் காய்ந்த சேற்றோடும் அவள் தெருவில் போனால், மிருகப் படம் போடுகிற அக்கா போகிறாள் என்பார்கள். அவள் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. கரையில் தார்ப்பாய் மறைப்புக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு வரைகிற தாளில் எல்லாமே நிஜம். மிருகம், மரம், பாறை, தண்ணீர் திரும்புகிற இடம், எதுவும் மாறாது. அந்தத் தாள் பீரோவை விட்டு வெளியே வராது. விற்பதற்கென்று வேறொரு தாள் போடுவாள். அதில் மிருகத்தின் ஒரு மீசை முடிகூட மாறாது. இடம் மட்டும் வேறாகிவிடும். முன்பொரு தடவை அவள் வரைந்த ஆந்தைப் படத்தை வைத்துக்கொண்டு அந்த மரத்தைக் கண்டுபிடித்து, பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். உடம்பு நிஜம், இடம் பொய்.

இந்தப் படத்துக்கு அவள் தேர்ந்தெடுத்த பொய், ஆற்றில் தண்ணீர் வருகிற மேல்பக்கம் கைவிடப்பட்டுக் கிடக்கிற பம்ப்ஹவுஸ். துருவும் பழைய எண்ணெய் நாற்றமும் சேர்ந்த இடம். மிருகம் எதுவும் அங்கே தங்காது என்று நம்பித்தான் வரைந்தாள்.

“சரியான படம்தானே? அப்ப மெஷினைப் போடலாமா?” என்றார் அச்சகக்காரர்.

“சரியான படம்னாதான்யா எனக்கு இன்னும் வயிறு எரியுது.” அவள் சாக்கைத் தூக்கிக் காகிதம் வெட்டுகிற மேசையில் போட்டு, வாயைப் பிரித்தாள்.

ஆபரேட்டர் “ஐயோ” என்று பின்னால் போனான்.

படத்தில் நிமிர்ந்து நின்ற அதே தாய். கழுத்தில் கம்பி. கம்பி தோலுக்குள் புதைந்து, இழுத்து அறுத்த முனை மட்டும் வெளியே சுருண்டிருந்தது.

“இன்னைக்குக் காலைல, நான் உக்கார்ற வளைவுல ஒதுங்கிக் கெடந்துச்சு. கண்ணி வெச்சிருக்கான். படத்தைப் பாத்து வரலைன்னா, வாயால எவனோ சொல்லியிருக்கான். அந்த எடம் எனக்குத் தெரியும், இன்னொருத்தனுக்குத் தெரியும்.”

“இன்னொருத்தன் யாருக்கா?”

அவள் சாக்கைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். நடைபாதை நெடுக ஈரப்புள்ளிகள் அவள் பின்னாலேயே போயின.

* * *

மழை வருவதற்கு முந்திய புழுக்கம். வீட்டு முன்னறையில் மின்விசிறி சுற்றியும் காற்றில்லை. தம்பி மனைவி தையல் மெஷினில் பள்ளிச் சீருடை அடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி. தம்பி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவித்த முட்டையை ரொட்டிக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஐஸ் பார் ஏற்றுகிற மினி வேன் ஓட்டுகிறவன். விடியும்போது அக்காவை ஆற்று வளைவில் இறக்கிவிட்டு, பிறகு மீன்பண்ணைக்கும் சந்தைக்கும் ஐஸ் லோடு அடிப்பான். விரல் நுனியெல்லாம் எப்போதும் வெளிறிச் சுருங்கியிருக்கும்.

அக்கா முதலில் பீரோவைத் திறந்தாள். நிஜத் தாள்கள் எல்லாம் வைத்தபடியே இருந்தன. பீரோவை அறைந்து சாத்தினாள்.

“என்ன அண்ணி, பீரோ என்ன பாவம் பண்ணுச்சு?” ஊசியைக் கடித்தபடியே கேட்டாள் தம்பி மனைவி.

“உன் புருஷன் பண்ணின பாவம்.”

மெஷின் நின்றது.

அக்கா சமையலறை வாசலில் போய் நின்றாள். “எவ்வளவுக்குடா வித்த?”

“எதை?” ரொட்டி பாதி வாயில் இருந்தது.

“என் எடத்தை. நீ தினம் பண்ணைக்கு ஐஸ் எறக்குறல்ல, அந்த ஆளு டீ வாங்கிக் குடுத்திருப்பான். நீ பல்லைக் காட்டிக்கிட்டு எல்லாத்தையும் கொட்டியிருப்ப. வளைவுல, சாஞ்ச மரத்துக்குக் கீழ, வேர்ச் சந்துல வளை இருக்குன்னு.”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா.”

“பின்ன இது எப்படிடா வந்துச்சு?”

சாக்கு அவன் தட்டுக்கு முன்னால் விழுந்தது. அவன் திறந்து பார்த்தான். பார்த்தவன் ரொட்டியை மெல்லக் கீழே வைத்தான். கம்பியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். அக்காவின் ஆத்திரத்துக்கு அவன் ஏதாவது கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கத்தவில்லை.

“குட்டிங்க?” என்றான்.

“தெரியல. கரை பூரா தேடிட்டேன்.”

“எங்க கெடந்துச்சு இது?”

“சொன்னேன்ல, நம்ம வளைவுல! காது அடைச்சுப் போச்சா? பாக்குறான் பாரு, முழி முழின்னு. திருட்டு முழி!”

தம்பி மனைவி எழுந்து வந்துவிட்டாள். “அண்ணி, நிறுத்துங்க. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். இந்த மனுஷன் உங்களை எறக்கி விடணும்னே ஒரு நாளு ஒழுங்கா தூங்கினதில்ல. காய்ச்சல்லயும் வண்டி எடுத்தாரு. நீங்க என்னடான்னா திருடன்ங்கிறீங்க.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பேசாத.”

“எனக்கா தெரியாது? எத்தனை வாரமா நீங்க கொண்டு வர்ற தாளை நானும்தான் பாக்குறேன். தண்ணி, கரை, மரம். மரம், கரை, தண்ணி. ஒரு நாய் இல்ல, ஒரு பேய் இல்ல. ஒண்ணுமே வராத எடத்தை இவரு யாருக்குப் போய் விப்பாரு? எவன் வாங்குவான்?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். குட்டிகள் வளைக்கு வெளியே வந்து புரளத் தொடங்கிய சமயத்தில்தான் அவை கண்ணில் படுவது நின்றுபோனது. பாறை மேல் மீன் செதில் கலந்த எச்சம்கூடப் புதிதாகக் காணோம். தண்ணீர் ஏறியிருக்கிறது, இறங்கினால் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெறும் ஆற்றையே வரைந்துகொண்டிருந்தாள். காலண்டர் படத்தை முடித்ததுகூடப் பழைய தாள்களைப் பார்த்துத்தான்.

“வராமதான் இருந்துச்சு. ஆனா அங்கதான் செத்துக் கெடந்துச்சு. இவன் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்? கேளு உன் புருஷனை.”

தம்பி மனைவி புருஷனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் கொஞ்சம் மாறியது. “ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். பண்ணையில ஐஸ் எறக்கினா நேரா வீட்டுக்கு வர்ற வண்டி, இப்பல்லாம் ஏன் ஆத்துப் பக்கம் சுத்திக்கிட்டு வருது? டயரெல்லாம் சேறு. கேட்டா பஞ்சர்ங்கிறீங்க. தினமுமா பஞ்சர் ஆகும்?”

“பாத்தியா!” அக்கா கையைத் தட்டினாள். “வீட்டுக்குள்ளயே சாட்சி!”

“நான் சாட்சி சொல்லல அண்ணி, கேள்வி கேக்குறேன்.”

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கை கழுவவில்லை. வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்தான். “பண்ணைக்குப் போறேன்.”

“நீ தனியா போய் உன் கூட்டாளியோட பேசி வெச்சுக்கலாம்னு பாக்குறியா? நானும் வரேன்.”

“நானும்” என்றாள் தம்பி மனைவி. கழுத்தில் டேப்போடு அவளும் ஏறிக்கொண்டாள்.

* * *

வேனில் முன்னிருக்கை ஒன்றுதான். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார, சாக்கு அக்காவின் மடியில் கிடந்தது. சேலையில் ஈரம் ஏறியது. அவள் கவனிக்கவில்லை. சொல்லப்போகிற வசவுகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மீன்பண்ணையில் குளங்களின் மேல் பறவைக்கு வலை கட்டியிருந்தது. துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்து நுரையாக்கிக்கொண்டிருந்தன. தீவன மூட்டை நாற்றம். கொட்டகைக்குள் பண்ணைக்காரர் மேசைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

“வாங்கக்கா, வாங்க! அட, குடும்பத்தோட வந்திருக்கீங்க. டேய், மூணு டீ சொல்லு!”

அக்கா சாக்கை மேசை மேல் கவிழ்த்தாள். டீ டம்ளர் உருண்டது.

பண்ணைக்காரர் பார்த்தார். முகத்தில் பயமில்லை. சந்தோஷம் வந்தது. “அடடே! இது உங்ககிட்ட வந்துடுச்சா? கம்பியை அத்துக்கிட்டு ஓடிடுச்சேன்னு காலைல இருந்து பசங்க தேடுறானுங்க.”

“வெக்கமா இல்ல உங்களுக்கு? பாலு குடிக்கிற குட்டி வெச்சிருக்கிற தாயி.”

“எனக்கு எதுக்கு வெக்கம்? என் குளத்துல வந்து பாருங்கக்கா, வெக்கம் யாருக்கு வரணும்னு தெரியும். பசிக்குத் தின்னா தொலையுதுன்னு விட்டிருப்பேன். ஒரு கடி கடிச்சுட்டு, பாதியைக் கரையில வீசிட்டு, அடுத்ததைப் பிடிக்கும். காலைல வந்தா எழவு வீடு மாதிரி கெடக்கும். நீங்க அழகா படம் போடுறீங்க. அழகு உங்களுக்கு, நட்டம் எனக்கா?”

“சட்டம்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கட்டும். சட்டம் வந்து என் குளத்துக்குக் காவல் நிக்கட்டும்.”

அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகப் போனாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எடத்தை யாரு சொன்னது? இவனா?” விரல் தம்பியைக் காட்டியது.

“உங்க தம்பியா?” அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். “அவன் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியுமா? ஐஸை எறக்குவான், உம்முன்னு நிப்பான், போவான். சொன்னது நீங்கதாம்மா!”

“நானா?”

பண்ணைக்காரர் நாற்காலியைத் திருப்பாமலே கட்டைவிரலைத் தோளுக்கு மேல் பின்னால் காட்டினார். சுவரில் மருந்துக்கடைக் காலண்டர் தொங்கியது.

“முதுகுவலி மாத்திரை வாங்கப் போனேன், குடுத்தான். கொண்டாந்து மாட்டிட்டு உக்காந்து பாக்குறேன். இந்தச் சுவரை எங்கயோ பாத்திருக்கோமேன்னு தோணுச்சு. நம்ம பழைய பம்ப்ஹவுஸ்! என் பசங்க எத்தனை நாளா எங்கெங்கயோ தேடுறானுங்க, நீங்க படிக்கட்டுக்கு அடியில பொந்தையே போட்டுக் காட்டிட்டீங்க. பசங்களைக் கூப்பிட்டு இந்தப் படத்தைக் காட்டி, இங்கதான்டா, இந்தப் படிக்குக் கீழதான்னு சொன்னேன். போய்க் கண்ணி வெச்சானுங்க. அச்சு மாறாம அங்கயே இருந்துச்சு.”

“பொய்!” அக்கா கத்தினாள். துடுப்புச் சக்கரத்தின் பக்கம் நின்ற வேலையாட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். “அங்க ஒரு எலிகூடக் கிடையாது. அது நான் இட்டுக்கட்டிப் போட்ட எடம். நீர்நாய்க்குப் போக்கிடம் இல்லாமப் போனா எங்க போய் ஒண்டும்னு நானா யோசிச்சு, நானா வரைஞ்சேன். நெசமா அங்க எதுவும் கிடையாது!”

“என்னக்கா பேசுறீங்க? இல்லாத எடத்துலயா எனக்கு அம்பிட்டுச்சு? வாங்க.”

அவர் கொட்டகை மூலைக்குப் போய் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார். “பண்ணைக்காரங்க சங்கத்துல காட்டணும்னு எடுத்து வெச்சிருக்கேன். நேத்து உங்க தம்பி எறக்கின ஐஸ்தான்.”

உடைத்த ஐஸுக்கு மேல் இரண்டு குட்டிகள். ஒன்றின் முன்னங்கால் இன்னொன்றின் முதுகில் கிடந்தது. தூங்குவது போலத்தான் இருந்தது, கழுத்தைப் பார்க்காதவரை.

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். திட்டுவதற்கு அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே பம்ப்ஹவுஸில் மாட்டி, கம்பியை அறுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்த தாய், மிதந்து வந்து வளைவில் ஒதுங்கியிருக்கிறது. அங்கே சாகவில்லை. அங்கே வசிக்கவும் இல்லை.

“எப்போ போச்சு?” அவள் தனக்குள் பேசுவது போலச் சொன்னாள். “மேல எப்போ போச்சு இது? எனக்குத் தெரியாம?”

ஐஸ் உருகி, குட்டியின் ரோமத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அடிவயிறு அவள் நினைத்து வைத்திருந்ததைவிட வெளிறிய நிறம். சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை. இத்தனை பக்கத்தில் அவள் பார்த்ததே கிடையாது. அவள் கை தானாக உயர்ந்து கொண்டைக்குப் போனது. பென்சிலை உருவியது.

“இப்பவுமா?”

தம்பியின் குரல். அவன் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பண்ணைக்காரரே ஒரு அடி பின்னால் போனார்.

“இப்பவுமாக்கா? செத்தும் விட மாட்டியா அதை?”

அவள் கையிலிருந்த பென்சிலை, அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாதவள் போலப் பார்த்தாள்.

தம்பி மூடியைப் பிடுங்கிப் பெட்டியை மூடினான். “பம்ப்ஹவுஸையா போட்டிருக்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? விக்கிற தாளைத் துணி போட்டு மூடியே வெச்சிருப்ப. வீட்டு ஆளுங்களுக்குக்கூடக் காட்ட மாட்ட. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

“அப்ப உனக்குத் தெரியுமா? இதுங்க அங்க இருந்தது?”

“தெரியும்.”

“எப்பத்துல இருந்து?”

“அதுங்க அங்க போன நாள்ல இருந்து. என் கண்ணால பாத்தேன்.”

தம்பி மனைவி மெல்லச் சொன்னாள். “டயர்ல சேறு.”

“ஆமா. தள்ளி நின்னு ஒரு பார்வை பாத்துட்டு வருவேன். இன்ஜினை அணைக்காம, கீழ எறங்காம. அவ்வளவுதான். குட்டிங்க படியில வழுக்கி வழுக்கி விளையாடும்.”

அக்கா அவன் சட்டையைப் பிடித்தாள். “தெரிஞ்சுமாடா தினம் என்னைக் கொண்டுபோய் வெறும் தண்ணிக்கு முன்னால எறக்கி விட்ட? மழையிலயும் வெயில்லயும் அங்க கெடந்தேனேடா. பைத்தியக்காரி மாதிரி தண்ணியை வரைஞ்சேனேடா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பம்ப்ஹவுஸைத் தொட்டிருப்பேனா? மூணு உசுருடா!”

“நீ படத்தைக் காட்டியிருந்தாலும் அந்த உசுரு போயிருக்காது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். சேந்துதான் கொன்னோம்.”

பண்ணைக்காரர் தொண்டையைச் செருமினார். “குடும்பச் சண்டையை வீட்டுல...”

“நீ வாயை மூடுய்யா!” அக்காவும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் மூடிக்கொண்டார்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். நண்டை ஒளித்துத் தின்கிற அந்த ஒன்று, கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு. “குட்டி மூணு. இங்க ரெண்டுதான் இருக்கு. இன்னொண்ணு?”

தம்பியின் முகம் சொன்னது. அவன் முகத்தை அவளுக்குத் தெரியும்.

“உயிரோட இருக்கா?”

“இருக்கு. இன்னைக்குக் காலைல ஐஸ் எறக்கிட்டு வரும்போது பாத்தேன். தனியா சுத்துச்சு. தாயி எங்கயோ போயிருக்கும்னு நெனச்சேன்.”

“எங்கடா? எங்க இருக்கு?”

“சொல்ல மாட்டேன்.”

“இந்த ஆளுக்குக் கேட்டுடும்னு பயப்படுறியா? வெளிய வா. காதுல சொல்லு.”

“இவருக்குத் தெரியக் கூடாது. உனக்கும் தெரியக் கூடாது.”

“நான் என்னடா பண்ணிடப் போறேன்?” சட்டையைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. “அதுங்களுக்காக என் பொழப்பு, தூக்கம், எல்லாத்தையும் விட்டுட்டுக் கெடக்குறவ நான். நான் என்ன பண்ணினேன் அதுங்களை? எதுக்குடா என்கிட்ட மறைச்ச?”

தம்பி அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தான். கோபம் அவன் குரலிலிருந்து போயிருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

“குட்டிங்க முகம் சரியாத் தெரியலைன்னு மறைப்பைத் தூக்கிட்டுப் போய் வளை வாசல்லயே போட்டியே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு உன்னை எறக்கி விட்டுட்டு மேல பாலத்துல வந்து நின்னேன். நீ மறைப்புக்குள்ள குனிஞ்சு வரைஞ்சுக்கிட்டு இருந்த. அது வேருக்குப் பின்பக்கமா வெளிய வந்து, ஒவ்வொரு குட்டியா வாயில கவ்விக்கிட்டு, எதிர்த் தண்ணியில நீந்திப் போச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் திரும்பி உன் மறைப்பைத்தான் பாத்துச்சு. உனக்குப் பயந்துதான் அது அந்தப் பம்ப்ஹவுஸுக்கே போச்சு.”